கிலோமீட்டர் மட்டும் போதாது: சென்னையில் ஓடும் காருக்கு இன்ஜின் ஆயில் எப்போது மாற்றுவது

மடிப்பாக்கத்தில் எங்கள் குடியிருப்பில் இருபத்திரண்டு வீடுகள். சங்கத்தின் பொருளாளர் பொறுப்பு சில வருடங்களாக என்னிடம் இருக்கிறது. லிஃப்ட், போர் மோட்டார், ஜெனரேட்டர் என்று எதைத் தொட்டாலும் பில் என் கைக்குத்தான் வரும். காருக்கு ஆயில் எப்போது மாற்ற வேண்டும் என்பதை நான் புரிந்துகொண்டது அந்த ஜெனரேட்டரைப் பார்த்துத்தான்.

ஜெனரேட்டருக்குச் சக்கரம் கிடையாது. அது நின்ற இடத்திலேயே ஓடுகிறது. அதன் முகப்பில் ஒரு சின்ன மீட்டர் இருக்கும். எத்தனை மணி நேரம் ஓடியது என்பதை மட்டும் காட்டும். பராமரிக்க வருபவர் முதலில் அதைத்தான் பார்ப்பார். எங்கள் இயந்திரத்துக்கு 250 மணி நேரத்துக்கு ஒருமுறை ஆயில், ஃபில்டர். அவ்வளவு ஓடாவிட்டாலும் வருடத்துக்கு ஒருமுறை கட்டாயம். சங்கத்தின் பழைய பதிவேட்டைப் புரட்டினால் 2012இல் நாலு மாதத்துக்கு ஒரு ஆயில் பில் இருக்கிறது. அந்த வருடம் சென்னையில் தினமும் இரண்டு மணி நேர மின்வெட்டு. மாதம் அறுபது மணி நேரம் என்றால் நாலு மாதத்தில் 240 ஆகிவிடும். இப்போது மின்சாரம் எப்போதாவதுதான் போகிறது, அதனால் வருடத்துக்கு ஒரு பில். இதே கணக்கைக் காருக்கும் போட்டுப் பார்க்க எனக்கு ஒரு பெரிய செலவு தேவைப்பட்டது.

அப்போது என்னிடம் இருந்தது கைமாறி வந்த ஒரு சிறிய பெட்ரோல் கார். கண்ணாடியில் ஒட்டியிருந்த சர்வீஸ் ஸ்டிக்கரில் அடுத்த ஆயில் 10,000 கிலோமீட்டரில் என்று எழுதியிருந்தது. நான் அதிகம் ஓட்டுவதில்லை. காலையில் மகளை நங்கநல்லூரில் பள்ளியில் விடுவேன், மூன்று கிலோமீட்டர். திரும்பி வந்து நிறுத்திவிடுவேன். சாயங்காலம் காய்கறி, டியூஷன், வெள்ளிக்கிழமை கோயில். பத்தொன்பது மாதத்தில் மீட்டர் 6,200தான் ஏறியிருந்தது. இன்னும் நிறைய இருக்கிறது என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

ஒரு மார்கழிக் காலையில் ஸ்டார்ட் செய்ததும் தையல் மெஷின் ஓடுவது போல டக் டக் டக் என்று சத்தம். ஒரு நிமிடத்தில் அடங்கிவிட்டது. இரண்டு வாரம் கழித்து மூன்று நிமிடம் கேட்டது. ஆதம்பாக்கத்தில் எனக்குத் தெரிந்த மெக்கானிக் தம்பியிடம் கொண்டுபோனேன். அவர் ஆயில் ஊற்றும் மூடியைத் திருகி எடுத்து, உட்பக்கத்தை என் பக்கம் திருப்பிக் காட்டினார். வெண்ணெய் பூசினது போல மஞ்சளாக ஒரு படிவு. மேலே இருந்த கவரைக் கழற்றியபோது உள்ளே, கருப்பட்டிப் பாகு முற்றிப்போய் அடிப்பிடித்தால் எப்படி இருக்குமோ அப்படிக் கறுப்பாக ஒட்டிக்கிடந்தது. அடியில் ஆயிலை உறிஞ்சும் வலையிலும் அதே களிம்பு, பாதிக் கண்கள் அடைத்திருந்தன. “அக்கா, மீட்டர்தான் ஓடலை. இன்ஜின் நல்லா ஓடியிருக்கு” என்றார். 38,000 ரூபாய் ஆனது. கார் பன்னிரண்டு நாள் அங்கேயே நின்றது.

அவர் சொன்ன அந்த ஒரு வரியைத்தான் இந்தக் கட்டுரை முழுக்க விரித்துச் சொல்லப்போகிறேன்.

கெடுப்பது தூரம் அல்ல

இன்ஜினுக்குள் ஆயில் பல வேலைகள் செய்கிறது. உராயும் இரும்புகளுக்கு நடுவே படலமாக நிற்கிறது, சூட்டைச் சுமந்து வெளியே கொண்டுவருகிறது, கரியையும் அழுக்கையும் தன்னிடமே பிடித்து வைத்துக்கொள்கிறது, எரிபொருள் எரிவதால் உண்டாகும் அமிலத்தை முறிக்கிறது. இந்த வேலைகளில் பல, அடிப்படை எண்ணெயோடு கலந்திருக்கும் ரசாயனங்களால் நடப்பவை. அவை செலவாகிக்கொண்டே வரும். முழுக்கச் செலவான பிறகு எண்ணெய் மட்டும் இருக்கும், காவல் இருக்காது.

குறைந்த தூர ஓட்டம் ஏன் அதிகம் கெடுக்கிறது என்றால், தண்ணீர். ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் கிட்டத்தட்ட ஒரு லிட்டர் தண்ணீர் ஆவியாக உண்டாகிறது. பெரும்பகுதி சைலன்சர் வழியே போய்விடும். கொஞ்சம் பிஸ்டன் வளையங்களைத் தாண்டிக் கீழே ஆயிலில் இறங்கும். எரியாத பெட்ரோலும் சிறிது சேர்ந்து இறங்கும். இன்ஜின் நன்றாகச் சூடேறி இருபது இருபத்தைந்து நிமிடம் ஓடினால் இவை ஆவியாகி வெளியேறிவிடும். மூன்று கிலோமீட்டர் போய் அணைத்தால் ஆயில் சூடேறவே நேரமில்லை. முகப்பில் தெரியும் வெப்பமானி சீக்கிரம் நடுவுக்கு வந்துவிடுகிறது. அது காட்டுவது இன்ஜினைக் குளிர்விக்கும் திரவமான கூலன்ட்டின் சூட்டை. ஆயில் அதற்குப் பின்னால் மெதுவாகத்தான் சூடேறும். தினமும் இப்படியே நடந்தால் ஈரமும் பெட்ரோலும் அமிலமும் ஆயிலிலேயே தங்கி, கடைசியில் நான் பார்த்த அந்த மஞ்சள் வெண்ணெயும் கறுப்புப் பாகும் ஆகிவிடும்.

நெரிசல் வேறு விதமாகக் கெடுக்கிறது. கத்திரி வெயிலில் கத்திப்பாராவை நெருங்கும்போது கார் நகராது, இன்ஜின் ஓடும், ஏசி ஓடும், முன்னாலிருந்து காற்று வராது. ரேடியேட்டர் விசிறி மட்டும் திணறிக்கொண்டிருக்கும். சூடு ஏற ஏற ஆயில் காற்றிலுள்ள ஆக்சிஜனோடு சேர்ந்து கெட்டியாகும் வேகமும் கூடும். மடிப்பாக்கம், கீழ்க்கட்டளை, மேடவாக்கம் பக்கம் மெட்ரோ வேலை தொடங்கியதிலிருந்து புழுதியும் சேர்ந்துவிட்டது. ஏர் ஃபில்டர் அடைத்துப்போனாலோ சரியாக உட்காராமல் இருந்தாலோ அந்தப் புழுதி ஆயிலுக்குள் போய் உப்புத்தாள் போலத் தேய்க்கும். அதனால் நான் ஆயில் மாற்றும் ஒவ்வொரு முறையும் ஏர் ஃபில்டரைக் கழற்றிப் பார்க்கச் சொல்கிறேன்.

உங்கள் காருக்கான கணக்கு

இப்போது ஓட்டும் காருக்கு நான் செய்ததைச் சொல்கிறேன், நீங்களும் செய்யலாம். இரண்டு வாரம் டேஷ்போர்டில் ஒரு பேனாவும் துண்டுக் காகிதமும் வைத்தேன். ஸ்டார்ட் செய்த நேரம், அணைத்த நேரம் குறித்தேன். வாரத்தில் நாலு நாள் வேளச்சேரி, கிண்டி, சைதாப்பேட்டை வழியாக நந்தனத்தில் அலுவலகம். போக பதினொன்று, வர பதினொன்று. மற்றதெல்லாம் அக்கம்பக்கத்து ஓட்டம். இரண்டு வாரத்தில் 212 கிலோமீட்டர், 13 மணி 40 நிமிடம். வகுத்தால் மணிக்குப் பதினைந்தரை கிலோமீட்டர். காகிதத்தைப் பார்த்துக்கொண்டு கொஞ்ச நேரம் அப்படியே உட்கார்ந்திருந்தேன்.

ஏனென்றால் இந்த வேகத்தில் 10,000 கிலோமீட்டர் போக 645 மணி நேரம் ஆகும். அதே கார் ஜி.எஸ்.டி. சாலையில் திண்டிவனம், விழுப்புரம் தாண்டித் திருச்சிப் பக்கம் போய்வந்துகொண்டே இருந்தால், சராசரி 55 என்று வைத்தாலும், 10,000 கிலோமீட்டரை 180 மணி நேரத்தில் முடித்துவிடும். இரண்டு கார்களின் ஸ்டிக்கரிலும் ஒரே எண்தான் எழுதியிருக்கும்.

உங்கள் கார் கொஞ்சம் புதியது என்றால் காகிதம்கூட வேண்டாம். பல கார்களின் மீட்டரில் சராசரி வேகம் தெரியும். போன ஆயிலுக்குப் பிறகு ஓடிய கிலோமீட்டரை அந்தச் சராசரி வேகத்தால் வகுத்தால் இன்ஜின் எத்தனை மணி நேரம் ஓடியது என்று வந்துவிடும். ஆயில் மாற்றிய அன்றே அந்தச் சராசரியைப் பூஜ்யத்துக்குத் திருப்பிவிடுங்கள். நான் 250 மணி நேரத்தை எல்லையாக வைத்திருக்கிறேன். நகரமும் நெடுஞ்சாலையும் கலந்து சராசரி 40இல் ஓடும் காருக்கு 10,000 கிலோமீட்டர் என்பதும் 250 மணி நேரம்தான். சிக்னலில் நிற்கும் ஒரு மணி நேரமும் நெடுஞ்சாலையில் ஓடும் ஒரு மணி நேரமும் ஆயிலுக்கு ஒன்றல்ல என்பது உண்மை. ஒன்றில் சுமை குறைவு, ஈரமும் பெட்ரோலும் அதிகம். இன்னொன்றில் சுமை அதிகம், ஆனால் ஆயில் சுத்தமாகச் சூடேறி இருக்கும். ஆனாலும் கிலோமீட்டரை மட்டும் நம்புவதைவிட இந்தக் கணக்கு பல மடங்கு மேல்.

இதை வெறும் என் கணக்காக எடுத்துக்கொள்ள வேண்டாம். காரோடு கொடுத்த கையேட்டை எடுங்கள். பராமரிப்பு அட்டவணை இரண்டாக இருக்கும். முதலாவது சாதாரண ஓட்டத்துக்கு. அடுத்த பக்கத்தில் கடினமான ஓட்டத்துக்கு ஒன்று இருக்கும், யாரும் அதைப் புரட்டுவதில்லை. திரும்பத் திரும்பக் குறைந்த தூரம் ஓட்டுவது, நீண்ட நேரம் நின்றபடி இன்ஜினை ஓடவிடுவது, புழுதிச் சாலை, நெரிசல் என்று அதில் வரிசையாக எழுதியிருப்பார்கள். ஹூண்டாய் கையேடுகளில் 32 டிகிரிக்கு மேலான வெயிலில் பாதிக்கு மேல் நகர நெரிசலில் ஓட்டுவதும் அந்தப் பட்டியலில் உண்டு. சென்னையில் மார்ச் மாதத்திலிருந்து செப்டம்பர் வரை பகலில் பெரும்பாலும் அப்படித்தான். பெரும்பாலான கையேடுகளில் இந்தப் பக்கத்தின் இடைவெளி முதல் பக்கத்தில் உள்ளதில் பாதி அளவுக்கு இருக்கும். நம் ஊரில் அலுவலகத்துக்கும் பள்ளிக்கும் ஓடும் கார் எல்லாமே இரண்டாவது பக்கத்துக் கார்தான். எனக்கு இதில் துளியும் சந்தேகம் இல்லை.

சரி, எண்ணாகச் சொன்னால்: முழு சிந்தெடிக் ஆயில், சராசரி வேகம் இருபதுக்குக் கீழே, நகரத்துக்குள் மட்டும் ஓட்டம் என்றால் 5,000 கிலோமீட்டர், 250 மணி நேரம், ஆறு மாதம், இவற்றில் எது முன்னால் வருகிறதோ அது. மினரல் ஆயில் ஊற்றுகிறீர்கள் என்றால் நெரிசலில் 4,000ஐத் தாண்டவிடாதீர்கள். வாரம் இருமுறை ஊருக்குப் போய் வருபவர், நெடுஞ்சாலையிலேயே வேலை இருப்பவர், நல்ல சிந்தெடிக் ஆயிலோடு கையேட்டில் உள்ள 10,000 வரை தைரியமாகப் போகலாம். அவரிடம் யாராவது மூவாயிரத்துக்கு ஒருமுறை மாற்றச் சொன்னால் அது காசை வீணாக்குவது. வெளிநாட்டில் மகன் இருக்கிறான், கார் மூடிபோட்டு நிற்கிறது, மாதத்தில் ஒருநாள் எடுப்போம் என்பவர்கள் எங்கள் குடியிருப்பிலேயே மூன்று பேர். அவர்களுக்கு வருடத்துக்கு ஒருமுறை கட்டாயம். எடுக்கும் நாளில் கேட் வரை போய்த் திரும்பாமல் அரை மணி நேரம் ஓட்ட வேண்டும்.

தேதியை நினைவில் வைக்க நான் பண்டிகையைப் பிடித்துக்கொண்டேன். ஆயுத பூஜைக்கு முந்தைய வாரம் ஒரு ஆயில், சித்திரை வருடப்பிறப்புக்கு முந்தைய வாரம் ஒரு ஆயில். நடுவில் ஆறு மாதம் சரியாக வரும். ஆயுத பூஜைக்கு எப்படியும் காரைக் கழுவிச் சந்தனம் குங்குமம் வைக்கிறோம், சக்கரத்தடியில் எலுமிச்சம்பழம் வைக்கிறோம். புது ஆயிலோடு ஐப்பசி மழைக்குள் நுழையலாம். சித்திரையில் மாற்றியது கத்திரி வெயிலைத் தாங்கும்.

இன்னும் வாரன்டியில் இருக்கும் காருக்கு ஒரு வார்த்தை. நடுவில் நீங்களாக ஒரு முறை கூடுதலாக மாற்றினாலும், நிறுவனம் சொன்ன தேதிக்கு உரிய சர்வீஸைத் தவறவிடாதீர்கள். கிலோமீட்டர் வரவில்லை என்று தள்ளிப்போட வேண்டாம். பில்களை ஒரே கவரில் சேர்த்து வையுங்கள்.

டிப்ஸ்டிக்கோடு ஐந்து நிமிடம்

இதற்கு மெக்கானிக் வேண்டாம். ஞாயிற்றுக்கிழமை காலையில், வண்டியை எடுக்கும் முன், சமதளத்தில் நிற்கும்போது பார்க்க வேண்டும். எங்கள் பார்க்கிங்கில் மழைத்தண்ணீர் வழிய என்று தரையைச் சரிவாகப் போட்டிருக்கிறார்கள். அங்கே வைத்துப் பார்த்தால் அளவு தப்பாகக் காட்டும். நான் காரைத் தெரு ஓரம் சமமான இடத்தில் முந்தின நாள் இரவே நிறுத்திவிடுவேன்.

பானெட்டைத் திறந்தால் மஞ்சள் அல்லது ஆரஞ்சு வளையம் உள்ள கம்பி, அதுதான் டிப்ஸ்டிக். வெளியே இழுத்து, பனியன் வேஸ்ட்டால் சுத்தமாகத் துடைத்து, முழுக்க உள்ளே விட்டு, மறுபடி இழுங்கள். முதல் முறை இழுத்ததை நம்பக் கூடாது, அது குழாயில் ஒட்டியிருந்ததையும் சேர்த்துக் காட்டும். நுனியில் இரண்டு குறி. ஆயில் அவற்றுக்கு நடுவில், மேல் குறிக்குச் சற்றுக் கீழே நின்றால் சரி. பெரும்பாலான கார்களில் இரண்டு குறிக்கும் இடையில் சுமார் ஒரு லிட்டர் வித்தியாசம். கீழ்க் குறிக்குப் பக்கத்தில் வந்துவிட்டால் மாற்றும் தேதிக்காகக் காத்திருக்காமல் அதே ரக ஆயிலைக் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றி நிரப்புங்கள். மேல் குறியைத் தாண்டி ஊற்றுவதும் கெடுதல். அடியில் சுழலும் கிராங்க் தண்டு அந்த ஆயிலில் அடித்து நுரைக்க வைக்கும், நுரை படலமாக நிற்காது.

அப்புறம் கம்பியை மூக்குக்குப் பக்கத்தில் கொண்டுபோங்கள். பெட்ரோல் வாடை பளிச்சென்று அடித்தால் குறைந்த தூர ஓட்டம் அதிகமாகிவிட்டது என்று அர்த்தம். ஒரு சொட்டை இரண்டு விரலுக்கு நடுவே தேய்த்துப் பாருங்கள். மணல் போல நெருடினால் உடனே மெக்கானிக்கிடம் போக வேண்டும். பால் ஊற்றிய காப்பி நிறத்தில் இருந்தால் தண்ணீர் கலந்திருக்கிறது, காரை ஸ்டார்ட்டே செய்ய வேண்டாம். நிறம் கறுத்திருக்கிறதே என்று மட்டும் பயப்படாதீர்கள். ஆயில் அழுக்கைப் பிடித்து வைத்திருப்பதால்தான் கறுக்கிறது. டீசல் காரில் மாற்றிச் சில நூறு கிலோமீட்டருக்குள்ளேயே கறுத்துவிடும். கறுப்பு அதன் வேலை. தேன் நிறத்தில் இருக்கிறது என்பதால் நல்ல ஆயில் என்றும் சொல்லிவிட முடியாது.

புதிய டீசல் கார் வைத்திருப்பவர்கள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். 2020 ஏப்ரலில் பிஎஸ்6 புகைக் கட்டுப்பாட்டு விதி வந்த பிறகு டீசல் கார்களின் புகைக்குழாயில் கரியைப் பிடிக்கும் டிபிஎஃப் வடிகட்டி வந்துவிட்டது. சேர்ந்த கரியை எரிக்க இன்ஜின் கூடுதலாக டீசலைப் பீய்ச்சும். ஊருக்குள்ளேயே ஓட்டி, அந்த எரிப்பு முடிவதற்குள் அடிக்கடி அணைத்தால் அந்த டீசல் ஆயிலில் இறங்கும். டிப்ஸ்டிக்கில் அளவு குறைவதற்குப் பதிலாகக் கூடும். நல்லதுதானே என்று விட்டுவிடக் கூடாது, ஆயில் நீர்த்துப்போகிறது என்பதற்கு அது அறிகுறி. கிலோமீட்டர் எவ்வளவு என்றாலும் மாற்றிவிடுங்கள்.

முகப்பில் எண்ணெய்க் கிண்டி வடிவத்தில் சிவப்பு விளக்கு எரிந்தால் அது ஆயில் மாற்றச் சொல்லும் விளக்கு அல்ல. அழுத்தம் இல்லை, ஆயில் மேலே ஏறவில்லை என்று அர்த்தம். அடுத்த பெட்ரோல் பங்க் வரை போய்ப் பார்ப்போம் என்ற பேச்சே வேண்டாம். ஓரங்கட்டி அணைத்துவிட்டு, இழுத்துச் செல்லும் வண்டியைக் கூப்பிடுங்கள்.

எந்த ஆயில்

கையேட்டில் எது எழுதியிருக்கிறதோ அது. 0டபிள்யூ-20, 5டபிள்யூ-30 என்று இருக்கும். டபிள்யூவுக்கு முன்னால் உள்ள எண் குளிரில் எவ்வளவு சுலபமாக ஓடும் என்பதற்கு, பின்னால் உள்ளது இன்ஜின் சூடான பிறகு எவ்வளவு கெட்டியாக நிற்கும் என்பதற்கு. “நம்ம ஊர் வெயிலுக்கு இந்தத் தண்ணி ஆயில் தாங்காது, 20டபிள்யூ-50 ஊத்திடலாம்” என்று சொல்லும் மெக்கானிக்குகள் உண்டு. பழைய அம்பாசடர், பியட் பார்த்துப் பழகிய கைகள் அப்படிச் சொல்வது இயல்பு. ஆனால் இப்போதைய இன்ஜின்களில் ஆயில் போகும் வழிகள் மிகக் குறுகலானவை, வால்வு நேரத்தை மாற்றும் பாகமும் அதே ஆயிலின் அழுத்தத்தில்தான் வேலை செய்கிறது. வெளியே 42 டிகிரி இருந்தாலும் இன்ஜின் தன் சூட்டைத் தானே 90, 100க்குப் பக்கத்தில் வைத்துக்கொள்கிறது. அந்தக் கணக்கில்தான் ஆயில் ரகத்தைத் தேர்ந்தெடுத்திருக்கிறார்கள். கையேட்டில் அனுமதித்திருந்தால் மட்டும் கெட்டியானதற்குப் போங்கள்.

டப்பாவில் ஏபிஐ என்று ஒரு தரக் குறியீடு இருக்கும். பெட்ரோல் காருக்கு எஸ்பி என்பது 2020இல் வந்தது. அதற்கு முந்தைய எஸ்என் ரகத்தைக் கேட்கும் பழைய காருக்கும் அதை ஊற்றலாம். டிபிஎஃப் உள்ள டீசலுக்குச் சாம்பல் குறைந்த ரகம்தான் வேண்டும், கடைக்காரரிடம் ஐரோப்பியத் தரக் குறியீடான ஏசிஇஏவில் சி2 அல்லது சி3, உங்கள் கையேட்டில் உள்ளதைச் சொல்லிக் கேளுங்கள். சாதாரண டீசல் ஆயிலின் சாம்பல் அந்த வடிகட்டியை அடைத்துவிடும், அதன் விலை பல வருட ஆயில் செலவைவிட அதிகம்.

நான் ஜெனரல் பேட்டர்ஸ் ரோட்டில் பல வருடமாகப் பழகிய கடை ஒன்றில் வாங்குகிறேன். பெட்ரோல் பங்க்கிலும் வாங்கலாம். மூடியின் சீல், தயாரித்த மாதம், பேட்ச் எண் மூன்றும் தெளிவாக இருக்க வேண்டும். டப்பா காலியானதும் அடியில் ஆணியால் இரண்டு ஓட்டை போட்டுவிடுவேன், அதில் யாரும் மறுபடி எதையும் நிரப்பி விற்கக் கூடாது.

பக்கத்தில் நின்று பாருங்கள்

நான் கையில் ஸ்பானர் பிடிப்பதில்லை. ஆனால் ஆயில் மாற்றும் அரைமணி நேரம் பக்கத்திலேயே நிற்பேன். அதற்குக் காரணம் இருக்கிறது. ஒருமுறை ஒரு சர்வீஸ் நிலையத்தில் ஆயில், ஃபில்டர் இரண்டுக்கும் பில் போட்டார்கள். வீட்டுக்கு வந்து சந்தேகத்தில் ஆதம்பாக்கத்துத் தம்பியிடம் காட்டினேன். காரைத் தூக்கிப் பார்த்தார். ஃபில்டரின் மேல் இரண்டு மழைக்காலத்துச் சேறு காய்ந்து ஒட்டியிருந்தது. அது புதிதாக மாட்டியது அல்ல. திரும்பப் போய்க் கேட்டபோது, பதில் சொல்லாமல் புது ஃபில்டரை மாட்டிக் கொடுத்தார்கள். அன்றிலிருந்து புது ஃபில்டரின் அடியில் மகளின் சிவப்பு நகப்பாலிஷால் மாதமும் வருடமும் எழுதிவிடுகிறேன். சூட்டிலும் மழையிலும் அழிவதில்லை. அடுத்த முறை காரைத் தூக்கியதும் முதலில் அதைத்தான் பார்ப்பேன். சில கார்களில் ஃபில்டர் கூட்டுக்குள் காகிதச் சுருளாக இருக்கும். அப்படியானால் கழற்றிய பழையதைக் கையில் வாங்கிப் பாருங்கள்.

இன்ஜின் லேசாகச் சூடாக இருக்கும்போது இறக்க வேண்டும், அப்போதுதான் அழுக்கும் சேர்ந்து வரும். கொதிக்கக் கொதிக்க வேண்டாம், கை வெந்துவிடும். அடியில் உள்ள வடிகால் போல்ட்டைக் கழற்றியதும் முதலில் கயிறு போலக் கனமாக விழும், பிறகு நூலாகும், பிறகு சொட்டும். அந்தச் சொட்டு நிற்கப் பத்துப் பதினைந்து நிமிடம் விட வேண்டும். அவசரப்படுத்துகிறவர்களிடம் ஒரு டீ சொல்லி உட்காரச் சொல்லுங்கள். போல்ட்டின் வாஷர் ஒவ்வொரு முறையும் புதிது, சில பத்து ரூபாய்க்குள்தான். அதை மாற்றாததால்தான் பல கார்களின் அடியில் எண்ணெய் கசிகிறது. புது ஃபில்டரின் ரப்பர் வளையத்தில் புது ஆயிலை விரலால் தடவி, கையால் இறுக்க வேண்டும். ஸ்பானர் போட்டு முறுக்கினால் அடுத்த முறை கழற்ற வராது.

அளவு கையேட்டில் இருக்கும், ஃபில்டரோடு சேர்த்து எவ்வளவு என்று பாருங்கள். அரை லிட்டர் குறைவாக ஊற்றி, ஒரு நிமிடம் ஓடவிட்டு, அணைத்து, ஐந்து நிமிடம் கழித்து டிப்ஸ்டிக் பார்த்து மீதியை ஊற்றினால் அளவு மீறாது. உள்ளே கழுவும் இன்ஜின் ஃபிளஷ், ஆயிலில் கலக்கும் பாட்டில் என்று பில்லில் சேர்க்க வந்தால் வேண்டாம் என்று சொல்லுங்கள். நேரத்துக்கு மாற்றும் காருக்கு அது தேவையில்லை. போன ஆயுத பூஜைக்கு எனக்கு ஆயில், ஃபில்டர், வாஷர், கூலி எல்லாம் சேர்த்து 2,450 ரூபாய் ஆனது.

வெள்ளம் வந்தால்

இதைச் சென்னையில் எழுதும் யாரும் விட முடியாது. 2015 டிசம்பரும் 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலும் எங்கள் பகுதிக்குள் எப்படி வந்தன என்று இங்கே இருப்பவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. இப்போது கனமழை எச்சரிக்கை வந்தாலே வேளச்சேரி மேம்பாலத்தில் கார்களைக் கொண்டுபோய் வரிசையாக நிறுத்திவிடுகிறார்கள். 2023இல் நானும் என் காரை உயரமான இடத்துக்கு மாற்றிவிட்டேன். பக்கத்து வீட்டு அண்ணன் மாற்றவில்லை. தண்ணீர் வடிந்த மறுநாள் காலை, ஓடுகிறதா என்று பார்க்கச் சாவியைத் திருகினார். டொக் என்று ஒரே சத்தம். பெட்ரோல் ஆவியும் காற்றும் அமுங்கும், தண்ணீர் அமுங்காது. பிஸ்டன் அதில் மோதினால் அதைப் பிடித்திருக்கும் கனெக்டிங் ராடு வளைந்துவிடும்.

கதவின் அடிவிளிம்புக்கு மேல் தண்ணீர் ஏறியிருந்தால் சாவியைத் தொடாதீர்கள். முடிந்தால் பேட்டரி இணைப்பைக் கழற்றிவிட்டு, இழுத்துக்கொண்டு போகச் சொல்லுங்கள். பழைய ஆயிலை முழுக்க இறக்கி, ஃபில்டர் மாற்றி, புது ஆயில் ஊற்றி, ஏர் ஃபில்டர், பிளக் கழற்றி உள்ளே தண்ணீர் இல்லை என்று உறுதி செய்த பிறகுதான் ஸ்டார்ட் செய்ய வேண்டும். அந்த ஆயிலோடு கொஞ்ச நேரம் ஓடவிட்டு, மறுபடி இறக்கி இன்னொரு முறை புது ஆயில் ஊற்ற வேண்டும். முதல் ஆயில் உள்ளே மிச்சமிருந்த ஈரத்தை எடுத்துக்கொண்டு வருவதற்காக. இரண்டு முறை செலவு என்று தயங்காதீர்கள்.

இறக்கிய ஆயிலை எங்கே விடுகிறார்கள் என்றும் பாருங்கள். எங்கள் தெருவின் மழைநீர் வடிகால் கடைசியில் பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்துக்குப் போகிறது. உலக முக்கியத்துவம் உள்ள ஈரநிலங்களின் ராம்சார் பட்டியலில் 2022இல் சேர்ந்த இடம் அது, கூழைக்கடாக்களும் பூநாரைகளும் வருமிடம். 2023 டிசம்பர் வெள்ளத்தில் எண்ணூர் கழிமுகத்தில் எண்ணெய் பரவி மீனவர்களின் வலையும் படகும் கறுத்துப்போனதைப் பார்த்தோம். பழைய ஆயில் அபாயக் கழிவு, மறுசுழற்சி செய்ய அனுமதி பெற்றவர்களிடம்தான் போக வேண்டும். ஆதம்பாக்கத்துத் தம்பி ஒரு நீல டிரம்மில் சேர்த்துவைத்துக் கொடுக்கிறார். வடிகாலில் ஊற்றும் இடம் என்று தெரிந்தால் நான் அங்கே காரை விடமாட்டேன்.

மாற்றிய அன்று இரவு காரின் முன்பக்க அடியில் ஒரு பழைய அட்டையை விரித்துவிடுங்கள். காலையில் ஸ்டார்ட் செய்யும் முன் அட்டையை இழுத்துப் பாருங்கள். ஒரு சொட்டுகூட விழாமல் இருக்க வேண்டும். விழுந்திருந்தால் போல்ட்டா ஃபில்டரா என்று அதே மெக்கானிக்கிடம் அன்றைக்கே காட்டுங்கள். டிப்ஸ்டிக்கை இன்னொரு முறை பார்த்துவிட்டு, தேதி, மீட்டர் எண், ஆயில் ரகம், எத்தனை லிட்டர் என்று நோட்டில் எழுதி முன்பெட்டியில் வையுங்கள். என் நோட்டின் கடைசி வரியில் சராசரி வேகத்துக்கும் ஒரு கட்டம் இருக்கிறது. போன ஆறு மாதத்துக்கு அதில் 16 என்று எழுதியிருக்கிறேன்.